வெளியே வெயில், ஏரியில் ஐஸ்: வெளிநாட்டுக் கோடையில் படகேறும் முன் நம்மவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட் பக்கம் டுரியான் விழத் தொடங்கும் மாதங்களில்தான் கனடாவிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கோடை. கமுனிங், டவன்பி, எல்பில் என்று தோட்டங்களில் பிறந்து வளர்ந்து இன்று டவுனில் தாமான் வீடுகளில் இருக்கும் அப்பா அம்மாக்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புவதும் அப்போதுதான். போன இடத்தில் பிள்ளைகள் சும்மா உட்கார வைக்க மாட்டார்கள். “ஏரிக்குப் போலாம்ப்பா, போட் எடுத்திருக்கோம்” என்பார்கள். நியூசிலாந்து என்றால் இதே கதை டிசம்பரில் நடக்கும்.

தண்ணீர் நமக்குப் புதிதல்ல. பேராக் ஆற்றை மறித்து 1930-இல் கட்டிய செண்டரோ அணை நமக்குப் பக்கத்தில்தான். அங்கே தூண்டில் போட்டவர்களும், தெமெங்கோர் ஏரியில் படகில் போய் வந்தவர்களும் ஊருக்குள் நிறைய பேர். சிக்கலே அங்குதான் இருக்கிறது. செண்டரோவில் விழுந்தால் நனைவோம், சிரிப்போம், ஏறிவிடுவோம். நம் தாழ்நில ஏரிகளில் மேல்நீர் 28, 30 டிகிரி. அந்த அனுபவத்தை 12 டிகிரி ஏரிக்குக் கொண்டுபோனால் அது உதவாது, கெடுக்கும். அங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் முதல் சில நிமிடங்கள்தான். அதனால் செய்ய வேண்டிய வேலையில் முக்கால்வாசி படகுத்துறையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதல் படி: வெயிலை விடுங்கள், தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேளுங்கள்

“இங்க 30 டிகிரிம்மா, நம்ம ஊர் மாதிரியே இருக்கு” என்று மகள் சொல்வது காற்றின் கணக்கு. தண்ணீருக்குத் தனிக் கணக்கு உண்டு. வாட்ஸ்அப்பில் பயணத் திட்டம் வரும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்: எந்த ஏரி, எந்த வகைப் படகு, போகும் நாளில் நீர் வெப்பம் எவ்வளவு, உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று உண்டா?

எண் வந்ததும் இப்படிப் பாருங்கள். 25-க்கு மேல் என்றால் நம் ஊர் நினைப்போடு போகலாம். 20-க்குக் கீழே இறங்கும்போதே நீச்சலுக்கு யோசிக்க வேண்டும். 15-க்குக் கீழே என்றால் அது வேறு ஆட்டம். பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கமான ஆர்.என்.எல்.ஐ. 15 டிகிரிக்குக் கீழே உள்ளதைத்தான் குளிர்நீர் என்கிறது. 10-க்கும் 15-க்கும் நடுவிலேயே உடம்பின் அதிர்ச்சி கிட்டத்தட்ட உச்சத்தைத் தொட்டுவிடும். ஆகவே “பனிக்கட்டி மிதக்கலையே” என்ற சமாதானம் செல்லாது.

அமெரிக்காவில் ஃபாரன்ஹீட் கணக்கு. “தண்ணீர் 58” என்று அங்கே ஒருவர் சாதாரணமாகச் சொன்னால் அது நமக்கு 14 டிகிரிச் சொச்சம். 50 என்றால் 10, 59 என்றால் 15, 68 என்றால் 20. இந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

அமெரிக்க அரசின் நோவா அமைப்பு, கனடா எல்லையை ஒட்டிய ஐந்து பெரு ஏரிகளின் மேல்நீர் வெப்பத்தை வரைபடமாகத் தினமும் வெளியிடுகிறது. ஏரி நடுவே மிதக்கும் அளவைக் கருவிகளும் உண்டு. ஆனால் நடு ஏரியின் எண் ஒன்று, நீங்கள் நிற்கும் கரையின் எண் வேறொன்றாக இருக்கலாம். படகு வாடகைக்கு விடுகிறவரிடம் அன்று காலை கேட்பதுதான் சரி. எனக்குப் பிடித்த வழி இன்னும் மலிவு: மீன் தொட்டிக்கு விற்கும் வெப்பமானி ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், அளவு 0-வில் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கயிறு கட்டிப் படகுத்துறையிலிருந்து இரண்டு மீட்டர் இறக்கி, சில நிமிடம் விட்டு, சட்டென்று தூக்கிப் பாருங்கள். மேலே 19, கீழே 11 என்று வந்தால் அன்றைய ஏரியின் குணம் புரிந்துவிடும்.

இரண்டாம் படி: ஏன் இவ்வளவு குளிர் என்று புரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாவிட்டால் “நேத்து நல்லாதானே இருந்துச்சு” என்று ஏமாறுவோம்.

முதல் காரணம், ஏரியின் ஆழம். சுப்பீரியர் ஏரியின் அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். ஒன்டாரியோ ஏரி 244. நியூசிலாந்தின் வாக்காட்டிப்பு ஏரி ஏறக்குறைய 380. இவ்வளவு தண்ணீரைச் சூடாக்க ஒரு கோடை போதாது. வட அமெரிக்காவில் காற்றின் வெப்பம் ஜூலையில் உச்சத்தைத் தொட்டால், ஏரி மெதுவாக ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோதான் அதன் உச்சத்துக்கு வரும். ஆனால் அங்கே படகுக் காலம் மே மாதக் கடைசி விடுமுறைகளிலேயே தொடங்கிவிடுகிறது. அப்போது வெயில் பளீரென்று இருக்கும், தண்ணீரில் இன்னும் குளிர்காலம் ஓடிக்கொண்டிருக்கும்.

சில ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசம். 2014 மார்ச் 6-ஆம் தேதி பெரு ஏரிகளின் பரப்பில் 92.5 விழுக்காடு பனி மூடியிருந்தது. சுப்பீரியரில் கடைசிப் பனி கரைய ஜூன் மாதம் ஆகிவிட்டது. கரையில் மக்கள் அரைக்கால் சிலுவாரோடு நடக்க, ஏரியில் பனித் துண்டுகள் மிதந்தன. அந்தக் கோடை முழுக்க நீர் வழக்கத்தைவிடக் குளிராகவே இருந்தது. அதனால் ஜூனில் போகிறவர்கள், “போன குளிர்காலம் எப்படி, ஏரி உறைந்ததா?” என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது காரணம் காற்று. நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். கோடையில் ஏரியின் மேலே வெதுவெதுப்பான நீர் ஒரு மெல்லிய அடுக்காகக் கிடக்கும். அடியில் குளிர்நீர். பால் கிண்ணத்தில் ஆடையை ஊதினால் அது எதிர்ப்பக்கம் ஒதுங்கி இந்தப் பக்கம் பால் தெரியுமே, அதுபோல காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போனால் அடியிலுள்ள குளிர்நீர் மேலே வந்துவிடும். இதில் பூமியின் சுழற்சியும் கை வைக்கிறது: வட அரைக்கோளத்தில் நகரும் மேல்நீர் காற்றடிக்கும் திசைக்கு வலப்பக்கமாக விலகும். டொரோண்டோ, ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் இருக்கிறது. மேற்குக் காற்று பலமாக அடித்தால் மேல்நீர் வலப்பக்கம், அதாவது தெற்கே, கரையைவிட்டுப் போகும். ஒரே நாளில் 10 டிகிரிக்கு மேல் இறங்கியதும் உண்டு. சனிக்கிழமை பிள்ளைகள் குதித்து விளையாடிய அதே இடத்தில் திங்கட்கிழமை கால் வைக்க முடியாது, வெயில் மட்டும் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, பனிமலை உருகி வரும் ஏரிகள். கனடாவின் லூயிஸ் ஏரியில் சிவப்புப் படகில் உட்கார்ந்து படம் எடுக்காத சொந்தக்காரர் இல்லை. அந்தப் பச்சை கலந்த நீலம் எங்கிருந்து வருகிறது? பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவரும் மாவு போன்ற துகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. பால் கலந்தாற்போல் நீலப் பச்சையாக மலையேரி ஒன்றைப் பார்த்தால் வெப்பமானியே வேண்டாம், கடுங்குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த நீர்மேல் வந்தால் திடீர் மூடுபனி இறங்கும். கரை தெரியாமல் போகுமுன் திரும்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: கிளம்பும் முன் வீட்டில் ஒரு வாளிப் பரிசோதனை

இதை வீட்டில் எல்லோரையும் செய்யச் சொல்லுங்கள், பதின்ம வயதுப் பையன்களை முக்கியமாக. எவ்வளவு சொன்னாலும் ஏறாதது இதில் ஏறிவிடும்.

வாளியில் பாதி குழாய்த் தண்ணீர். கடையில் விற்கும் ஐஸ் பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கி, வெப்பமானி 10 காட்டும்வரை விடுங்கள். முழங்கைவரை இரண்டு கையையும் உள்ளே வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும், அதற்குமேல் வேண்டாம். முதல் நிமிடம் வலிக்கும். பிறகு வலி குறைந்தாற்போல் இருக்கும், பையன் சிரிப்பான். கையை எடுத்ததும் சிமெண்டுத் தரையில் ஒரு 10 சென் காசைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். காசு விரலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடும், நகம் தரையைச் சுரண்டும், காசு மட்டும் கைக்கு வராது. அப்புறம் பள்ளிப் பையின் கொக்கியை மாட்டச் சொல்லுங்கள். “விழுந்த பிறகு ஜாக்கெட் போட்டுக்கலாம்” என்று நினைக்கிற கை இந்தக் கைதான்.

இதய நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோயால் கை மரத்துப்போனவர்கள், குளிரில் விரல் வெளுத்துப்போகும் உடம்புக்காரர்கள் இதைச் செய்ய வேண்டாம், பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

வாளியில் ஒன்று மட்டும் தெரியாது. தாப்பா சாலையில் லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு அடியில் சட்டென்று நுழையும்போது “ஹா” என்று மூச்சு இழுக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 12 டிகிரி நீரில் அதுவே இரண்டு மூன்று லிட்டர் காற்றை ஒரே இழுப்பில் இழுக்கும் அளவுக்குப் போகும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்கு அடியில் இருந்தால் உள்ளே போவது காற்றல்ல. நீச்சல் பதக்கம் வாங்கியவருக்கும் இதே கதிதான்.

நான்காம் படி: உயிர்காப்பு அங்கி

அங்கி உடம்பில் இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில், பையில், “பக்கத்துலதான் இருக்கு” என்பதெல்லாம் கணக்கில் சேராது. கனடாவில் படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவான அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி, ஓடும் படகில் திறந்த தளத்தில் இருக்கும் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதை அணிந்தே இருக்க வேண்டும், மாநிலம் வேறு விதி வைத்திருந்தால் அது செல்லும். பெரியவர்களுக்குப் பல இடங்களில் கட்டாயமில்லை என்பதால் கழற்றி வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் புரியாத பழக்கம்.

அளவு பார்ப்பது எப்படி? அங்கியின் உள்பக்கச் சீட்டில் எடை எழுதியிருக்கும். வட அமெரிக்காவில் பெரும்பாலும் பவுண்டில் இருக்கும்: 20 கிலோ பிள்ளை என்றால் 44 பவுண்டு. மாட்டிக் கொக்கிகளை எல்லாம் இறுக்கிய பின், தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் பெரிது, தண்ணீரில் பிள்ளை அடியில் நழுவி அங்கி மட்டும் மேலே நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்களுக்கு நடுவே போகும் பட்டை உள்ளதாகக் கேளுங்கள். “வளர்ந்தா சரியாகிடும்” என்று ஒரு அளவு பெரிதாக எடுக்கும் நம் பழக்கம் பள்ளிச் சீருடையோடு நிற்கட்டும்.

துப்பட்டா, கழுத்துத் துண்டு எதுவும் அங்கிக்கு மேலே வேண்டாம், கொக்கி சிக்கும். குளிர் சட்டை அங்கிக்கு உள்ளே. விசில் தொங்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சொந்தமாக ஒன்று கட்டிவிடுங்கள்.

போகுமுன் ஈப்போவில் ஏதாவது ஒரு நீச்சல் குளத்தில் அங்கியோடு மிதந்து பழகினால் மிக நல்லது. மல்லாந்து, காது நனைய, கையை விரித்து ஒரு நிமிடம். பக்கத்தில் இருக்கிறதே என்று பழைய ஈயக்குட்டையில் பழக வேண்டாம். கரையிலிருந்து இரண்டு அடி எடுத்து வைத்தால் ஆழம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் படி: காற்றுக்கல்ல, தண்ணீருக்கு உடுத்துங்கள்

15-க்குக் கீழே என்றால் துடுப்புப் படகிலோ கயாக்கிலோ போகிறவர்கள் நீர்ப்புகா உடையோ, உடம்போடு ஒட்டிச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட்டோ வாடகைக்கு எடுக்க வேண்டும். “வெயிலில் வேகும்” என்பார்கள், வேகட்டும். அது இல்லாவிட்டால் பருத்தியையும் ஜீன்ஸையும் தவிர்த்து, கம்பளியோ செயற்கை இழையோ அடுக்கடுக்காக. சின்னப் படகில் சேலை வேண்டாம், அம்மாக்களுக்குச் சிலுவாரும் பிடிப்பான சப்பாத்தும் போதும். ஒரு மாற்றுடை, துவாலை, கம்பளித் தொப்பி எல்லாம் நீர் புகாத பையில். கைப்பேசி உறையில் கழுத்தோடு தொங்கட்டும்.

பீர் கரைக்கு வந்த பிறகு.

ஆறாம் படி: யார் எந்தப் படகில்?

ரத்த அழுத்தம், இதய அடைப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள் நம் வீடுகளில் நிறைய. குளிர்நீரில் விழுந்த நொடியில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயத் துடிப்பும் அழுத்தமும் ஒரேயடியாக ஏறும். இளவட்டம் தாங்கிக்கொள்ளும் இந்த ஏற்றம் அறுபது வயதுக்காரரை விழுந்த இடத்திலேயே சாய்க்கலாம். அவர்களைக் கயாக்கில் உட்கார வைப்பது அன்பு அல்ல. பெரிய சுற்றுலாக் கப்பலில் ஏற்றுங்கள். வாக்காட்டிப்பு ஏரியில் 1912 முதல் ஓடும் எர்ன்ஸ்லா நீராவிக் கப்பல் இருக்கிறது, ஏரி நீர் கோடையிலும் குளிராகவே இருக்க, மேல்தளத்தில் தேநீர் குடித்துக்கொண்டு மலை பார்க்கலாம். “அப்பா, நீங்க பெரிய கப்பல்ல வாங்க, நாங்க துடுப்பு போடுறோம்” என்று பிள்ளைகளே முதலில் சொல்லிவிட்டால் அப்பாவுக்கும் மனக்குறை வராது.

கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மோட்டார் படகென்றால், ஓட்டுபவர் விழுந்தால் இஞ்சினை நிறுத்தும் கயிறு அவர் உடம்போடு மாட்டியிருக்க வேண்டும்.

ஏழாம் படி: விழுந்துவிட்டால்

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் தானே இறங்கிச் சோதனை செய்தவர். அவர் பிரபலமாக்கிய கணக்கு 1–10–1. ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம்.

முதல் நிமிடம் மூச்சுக்கு. விழும்போதே கையால் வாயையும் மூக்கையும் பொத்துங்கள். மேலே வந்ததும் நீந்தாதீர்கள், கத்தாதீர்கள். மல்லாந்து அங்கியில் சாய்ந்து, இழுத்து இழுத்து வரும் மூச்சு அடங்கும்வரை மிதங்கள். “செத்துடுவேன்” என்று தோன்றும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அது தணியும். முதல் நிமிடத்தைத் தாண்டவே அங்கி என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்த பத்து நிமிடம் கைக்கு. வாளிப் பரிசோதனை நினைவிருக்கிறதா? விரல்கள் வேலை செய்யும் நேரம் இவ்வளவுதான். படகில் ஏறுவது, கவிழ்ந்த படகின் முதுகில் தொற்றுவது, விசில் ஊதுவது, தளர்ந்த கொக்கியை இறுக்குவது எல்லாம் இப்போதே. உடம்பின் எவ்வளவு பகுதி தண்ணீருக்கு வெளியே இருக்கிறதோ அவ்வளவு லாபம். காற்று பட்டு அதிகம் குளிர்வதுபோல் தோன்றும், நம்பி மறுபடி தண்ணீருக்குள் இறங்கிவிடாதீர்கள். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். கரை கிட்டத்தில் தெரிகிறதே என்று நீந்தக் கிளம்புவது பெரும்பாலும் தப்புக் கணக்கு.

அதன்பிறகும் உதவி வரவில்லையென்றால், உடம்பு உள்ளுக்குள் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கிறது. அங்கியோடு முழங்காலை மார்போடு இழுத்து, கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள். பலர் விழுந்தால் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பிள்ளைகளை நடுவில் வையுங்கள்.

படகில் இருப்பவர்கள் செய்யக்கூடாத ஒன்று: பின்னாலேயே குதிப்பது. அப்படித்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போகிறார்கள். இஞ்சினை நிறுத்துங்கள், மிதக்கிற எதையாவது கயிறு கட்டி வீசுங்கள், துடுப்பை நீட்டுங்கள். கனடா, அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, நியூசிலாந்தில் 111. ஏரியின் பெயர், புறப்பட்ட படகுத்துறை, எத்தனை பேர் தண்ணீரில், அங்கி உண்டா என்று இந்த வரிசையில் சொல்லுங்கள்.

எட்டாம் படி: கரையேற்றிய பிறகு

நம் கை தானாகப் போவது கோடாலித் தைலத்துக்கு. உள்ளங்கால், உள்ளங்கை எல்லாம் சூடு பறக்கத் தேய்ப்போம். இங்கே அது வேண்டாம். குளிர்ந்த உடம்பில் இதயம் சின்னச் சலனத்துக்கும் தாளம் தப்பக்கூடியது, கை காலைத் தேய்ப்பதும் ஆட்டுவதும் கெடுதல். தூக்கும்போது முடிந்தவரை படுத்த வாக்கில் தூக்கி, படுக்கவே வையுங்கள். தண்ணீரின் அழுத்தம் நீங்கி நிமிர்ந்து நின்றவுடன் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. “எனக்கு ஒண்ணுமில்ல, நடக்கிறேன்” என்று அவர் சொன்னாலும் நடக்க விடாதீர்கள்.

ஈர உடையை வெட்டியாவது எடுத்துவிட்டு, உலர்ந்த போர்வையால் தலையையும் சேர்த்துச் சுற்றுங்கள். சூட்டை மார்புக்கும் அக்குளுக்கும் கொடுங்கள். வெந்நீர்ப் புட்டியைத் துணி சுற்றி வைக்கலாம். வெந்நீர்க் குளியலில் நிறுத்தாதீர்கள். பிராந்தி கூடாது. தெளிவாகப் பேசுகிறார், விழுங்க முடிகிறது என்றால் சர்க்கரை தூக்கலாகப் போட்ட சூடான தே ஓ கொடுக்கலாம். நடுக்கம் நல்ல அறிகுறி. உடம்பு இன்னும் குளிராக இருக்கும்போதே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, “தூக்கம் வருது” என்றால் அது ஆம்புலன்ஸ் அவசரம்.

மூச்சில்லை என்றாலும் கைவிடாதீர்கள். மருத்துவர்கள் வரும்வரை மூச்சூட்டலும் நெஞ்சழுத்தமும் தொடர வேண்டும். 1999-இல் நார்வேயில் பனி மூடிய ஓடையில் 80 நிமிடம் சிக்கிய ஆன்னா போகன்ஹோம் என்ற மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியிருந்தது, இதயமும் நின்றிருந்தது. அவர் பிழைத்தார், பின்னால் தன்னைக் காப்பாற்றிய அதே மருத்துவமனையில் வேலை பார்த்தார்.

தானாகவே எழுந்து உட்கார்ந்துவிட்டவரும் தண்ணீர் குடித்திருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில மணி நேரம் கழித்து இருமலோ மூச்சு வாங்கலோ வரலாம். பயணக் காப்புறுதி எடுக்கும்போது படகு, நீர் விளையாட்டு அதில் அடங்குமா என்று கேட்டு எடுத்திருந்தால், இந்த நேரத்தில் பணத்தை நினைத்துத் தயங்க வேண்டியிருக்காது.